எங்கள் புளோக்கின் வல்லூறு

என் கணவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டதாகத் தாதி தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், வீட்டு வாசலில் அவருடைய புறா செத்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரு நான்கு நிமிடத்துக்குள் நடந்தவை. நான் உள்ளே நின்று "தேங்க் யூ சிஸ்டர், தேங்க் யூ" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சிங்கப்பூரில் செங்காங் பகுதியில், ஓர் அடுக்குமாடி புளோக்கின் நான்காம் மாடியில் எங்கள் வீடு. வாசலையொட்டி நீளமான நடைபாதை. அதன் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று. வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். நான் லிட்டில் இந்தியாவின் தேக்கா மார்க்கெட் மாடியில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதமே அவர் ஒரு மெர்போக்கை வாங்கிக்கொண்டு வந்தார். மெர்போக் என்பது ஒரு கைக்குள் அடங்கிவிடும் சின்னப் புறா. கழுத்தில் கறுப்பும் வெள்ளையுமாக மெல்லிய வரிகள் இருக்கும். அதன் குரலுக்காகவே மலாய்க்காரர்கள் ஆசையாக வளர்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் என்னை வீட்டில் விட்டுவிட்டு, கூண்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பக்கத்துப் பேட்டையில் ஒரு புல்வெளியில் உயரமான கம்பங்களை நட்டு, எல்லோரும் தங்கள் கூண்டுகளை ஏற்றிவிட்டுக் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் ஒரு முறை போனேன். எனக்கு எல்லாப் பறவையும் ஒரே மாதிரிதான் கூவின. அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "உனக்குப் பட்டுல எத்தனை தினுசு தெரியும்? எனக்கு எல்லாம் ஒரே புடவைதான். அந்த மாதிரி" என்றார்.

ஒன்பது வருடம் அது எங்களோடு இருந்தது. என்னோடு பேசியதைவிட அவர் அதோடு பேசியது அதிகம். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பொங்கலுக்காக லிட்டில் இந்தியாவில் விளக்கு கட்டியிருந்த சமயம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் தள்ளுபடுக்கையில் படுத்துக்கொண்டு அவர் என்னிடம் சொன்னது வீட்டைப் பற்றியோ என்னைப் பற்றியோ இல்லை.

"காலையில அரை மணி நேரம் வெயில் காட்டணும். தண்ணியை தினமும் மாத்து. வெளிய மாட்டினா பக்கத்துலயே நில்லு, சரியா? விட்டுட்டு உள்ள போயிடாத."

"ஏன், யாரு தூக்கிட்டுப் போகப்போறா?"

"மரத்துல ஒண்ணு வந்திருக்கு. நான் பார்த்தேன்."

எது வந்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

நான்கு நாள் கழித்து அந்தக் காலையில், நடைபாதைக் கொக்கியில் கூண்டை மாட்டிவிட்டு அதன் பக்கத்திலேயேதான் நின்றேன். தொலைபேசி உள்ளே அடித்தது. மருத்துவமனையிலிருந்து காலையில் அழைப்பு வந்தால் யாருக்குத்தான் நிற்கத் தோன்றும்? ஓடினேன். நல்ல செய்தி. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது கூண்டு ஊஞ்சல் போல ஆடிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு பறவை இறக்கையை விரித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

பழுப்பு முதுகு, வரி வரியாக மார்பு, பின்னந்தலையில் சின்னக் கொண்டை. ஒரு கால் மூங்கில் கம்பிகளுக்கு இடையில் உள்ளே போயிருந்தது. அதன் பிடியில் மெர்போக் படபடவென்று அடித்துக்கொண்டது. கத்தவில்லை. ஒன்பது வருடம் கூவிய பறவை அப்போது ஒரு சத்தமும் போடவில்லை. பெரிய பறவை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. மஞ்சள் கண். என்னைப் பார்த்து அது பயப்படவில்லை, கோபப்படவும் இல்லை. திரும்பவும் குனிந்து தன் வேலையைப் பார்த்தது.

நான் செருப்பைக் கழற்றி எறிந்தேன். அது கூண்டின் மேல் படாமல் கீழே கார் நிறுத்துமிடத்தில் போய் விழுந்தது. பிறகு குடையை எடுத்து அடித்தேன். மூங்கில் குச்சி ஒன்று முறிந்தது. அப்போதுதான் அது பறந்தது. மெர்போக்கின் தலையை மட்டும் கம்பிக்கு வெளியே இழுத்துப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. உடல் கூண்டின் தரையில் கிடந்தது. தினைக் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது.

எத்தனை நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் சீனப் பெண் வேலைக்குக் கிளம்பி வந்தவள், பார்த்துவிட்டு "அய்யோ ஆன்ட்டி" என்றாள், என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் செய்ததைச் சொல்கிறேன். அந்த உடலை நேற்றைய செய்தித்தாளில் சுற்றி, மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருக்கிற குப்பைக் குழாயின் மூடியைத் திறந்து உள்ளே போட்டேன். நான்கு மாடி கீழே அது விழுந்த சத்தம் கேட்டது. கையைக் கழுவிக்கொண்டு பேருந்து ஏறினேன்.

வார்டில் அவர் முகம் வெளிறிக் கிடந்தார். மார்பில் நீளக் கட்டு. நான் கையைப் பிடித்ததும் கண்ணைத் திறந்து, "சாப்பிடுதா?" என்று கேட்டார்.

"நல்லா சாப்பிடுது" என்றேன்.

அதிர்ச்சி, கவலை எதுவும் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால்தான் பொய் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன். அது பாதி உண்மை. பக்கத்திலேயே நில்லு என்று அவர் சொன்னது ஒன்றுதான். அதைக்கூடச் செய்யவில்லை என்று அந்தக் கட்டிலுக்கு முன்னால் நின்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

மறுநாள் கடையில் விடுப்பு சொல்லிவிட்டு, ஒரு பறவைக் கடைக்குப் போனேன். கடைக்காரச் சீனப் பெரியவரிடம் கைத்தொலைபேசியில் இருந்த படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். மலாயும் ஆங்கிலமும் கலந்து அவர் சொன்னது இதுதான்: "முகம் அதே மாதிரி கிடைக்கும். குரல் கிடைக்காது லா." பரவாயில்லை என்றேன். எனக்குத்தான் எல்லாம் ஒரே மாதிரி கேட்குமே. ஆறேழு பறவைகளைப் பார்த்து, கழுத்து வரி சரியாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். முறிந்த மூங்கில் குச்சிக்குப் பதிலாகச் சீனச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிடத் தரும் குச்சி ஒன்றைச் சீவி ஒட்டவைத்தேன்.

அவர் வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மெதுவாக நடந்து நேராகக் கூண்டிடம் போனார். நான் அடுப்படியில் இருந்துகொண்டு கவனித்தேன். சீழ்க்கையடித்தார். புறா மூலைக்கு ஒதுங்கியது. அவர் கொஞ்ச நேரம் நின்றார். "ஒரு வாரத்துல என்னை மறந்துட்டான் பாரு" என்றார். நான் சிரித்தேன். சற்று நேரத்தில் அது கூவியது. அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கஞ்சி இருக்காம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், காலையில் அவர் கீழே இறங்கி மரத்தைச் சுற்றி நடப்பார். அங்கேதான் ஒரு வெள்ளைக்காரர் பழக்கமானார். பக்கத்து புளோக்கில் சீன மனைவியோடு இருப்பவர், அறுபது வயதிருக்கும். நீளமான கேமராவோடு தினமும் மரத்தடியில் நிற்பார். மரத்தில், புறாவைக் கொன்ற அந்தப் பறவை கூடு கட்டியிருந்தது. அதைப் படமெடுக்கத்தான் அவர் வந்துகொண்டிருந்தார். என் கணவரும் அவரோடு நிற்க ஆரம்பித்தார். முதலில் பத்து நிமிடம், பிறகு ஒரு மணி நேரம். நான் நடைபாதையில் துணி காயப்போடும்போது கீழே இரண்டு நரைத்த தலைகளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது தெரியும்.

சாப்பிடும்போது எனக்குச் செய்தி வரும்.

"அது பருந்து இல்லையாம்மா. பருந்து வானத்துல வட்டம் போடும். இது மரத்துக்குள்ள பூந்து பூந்து பறக்கும். வல்லூறு. பெரிசா இருக்கிறதுதான் பொம்பளை. ஆம்பளை இரை கொண்டாந்து குடுக்கும், அது வாங்கிட்டுப் போய் ஊட்டும்."

"ம்."

"முட்டை பொரிஞ்சிடுச்சு. ரெண்டு குஞ்சு. பஞ்சு மாதிரி வெள்ளையா இருக்கு."

"ம்."

கிரேன் ஓட்டிய காலத்தில், உச்சியில் இருந்த தன் கண்ணாடி அறையிலிருந்து கீழே குனிந்து பார்த்தால் கடல் கழுகுகளின் முதுகு தெரியும் என்று கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறார். இந்தப் பறவைகள் மேல் அவருக்கு அப்போதிலிருந்தே ஒரு மயக்கம். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கால் எதைப் பற்றியிருந்தது என்று எனக்குத்தான் தெரியும். அவர் வாய் நிறைய அதைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

ஒருநாள் வெள்ளைக்காரர் சொன்ன கதை ஒன்றைச் சொன்னார். இங்கிலாந்தில் அவருடைய அம்மா தோட்டத்தில் ஒரு பலகை போட்டு, குளிர்காலத்தில் சின்னக் குருவிகளுக்கு ரொட்டித் துணுக்கும் கொழுப்பும் வைப்பாராம். அந்த ஊரிலும் ஒரு வல்லூறு உண்டு. இதைவிடச் சின்னது. வேலிக்கு மேலாகத் தாழப் பறந்து வந்து, பலகையில் இருக்கும் குருவியை ஒரே அடியாக அடித்துக்கொண்டு போகுமாம். அம்மா விளக்குமாற்றோடு ஓடிவருவாராம். தான் வைத்த ரொட்டியால்தானே குருவி செத்தது என்று அழுவாராம். முன்பெல்லாம் அங்கே இந்தப் பறவைகளைக் கண்டாலே சுட்டுவிடுவார்களாம், விஷம் வைப்பார்களாம். இப்போது பாதுகாக்கிறார்களாம்.

"அவங்க அம்மா மேல தப்பு இருக்கா? சொல்லு" என்றார் என்னிடம். "ரொட்டி வச்சது நல்ல மனசுலதானே. வல்லூறு மேலயும் தப்பில்ல. அதுக்கு வயிறு இருக்கு."

"எனக்குத் தெரியாதுங்க. ரசம் ஊத்தவா?"

இப்போது யோசித்துப் பார்த்தால், அவர் எனக்காகக் கதவைத் திறந்து திறந்து வைத்திருக்கிறார். நான்தான் ஒவ்வொரு முறையும் சாத்தினேன்.

தவக்காலம் வந்தது. உயிர்ப்புத் திருநாளான ஈஸ்டருக்கு முன்னால், கோயில் சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கணவரிடம் பொய் சொன்னேன் என்றேன். எதைப் பற்றி என்று சாமியார் கேட்டார். ஒரு புறாவைப் பற்றி என்றேன். நான் எல்லாவற்றையும் சொன்னேன், குப்பைக் குழாய் உட்பட. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள், வீட்டுக்குப் போய் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றார். மந்திரத்தை அங்கேயே முட்டிபோட்டுச் சொல்லி முடித்தேன். உண்மையைச் சொல்லவில்லை.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து இரண்டு வாரம் இருக்கும். அன்றைக்கு எனக்குக் கடைக்குப் போகிற நாள். புடவை கட்டிக்கொண்டு கதவைப் பூட்ட வந்தவள், வழக்கம்போலக் கீழே எட்டிப் பார்த்தேன். கீழ்த்தளத்துப் பாலர் பள்ளியின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே, சிமெண்டுத் தரையில் அவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரர் அவர் பக்கத்தில் குனிந்து நின்றார்.

நெஞ்சுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். மின்தூக்கிக்குக் காத்திருக்கவில்லை. நான்கு மாடியையும் படியில் ஓடி இறங்கினேன். புடவைக் கொசுவம் அவிழ்ந்து காலில் சிக்கியது.

"என்னங்க! வலிக்குதா? எங்க வலிக்குது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் கண்ணீர். மடியில் வல்லூற்றின் குஞ்சு கிடந்தது. குஞ்சு என்றால் சின்னதில்லை, முழுசாக இறகு முளைத்தது. கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கியது. கண்ணாடியில் மரத்தின் பிம்பம் தெரிகிறதே, அதை மரமென்று நினைத்துப் பறந்து மோதியிருக்கிறது.

"செத்துப்போச்சும்மா" என்றார். "இன்னிக்குத்தான் மொத மொதல்ல கிளையை விட்டுப் பறந்துச்சு. நாங்க பார்த்துக்கிட்டே இருந்தோம்."

அவருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் எனக்குள் நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். மூன்று மாதமாக அடக்கிவைத்த எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது.

"இதுக்கா அழறீங்க? இதோட ஆத்தாதான் உங்க மெர்போக்கைக் கொன்னுச்சு. நீங்க ஆஸ்பத்திரியில கிடந்தப்போ. தலையைப் பிச்சுக்கிட்டுப் போச்சு, நான் கண்ணால பார்த்தேன். மேல இருக்கிறது உங்க பறவை இல்ல. நான் கடையில வாங்கி வச்சது. போதுமா?"

வெள்ளைக்காரருக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் அவர் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

என் கணவர் குஞ்சின் கழுத்தை மெதுவாக நேராக்கி வைத்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"வந்த அன்னிக்கே தெரியும். அது கூவினப்பவே. ஒன்பது வருஷம் கேட்டவனுக்குத் தெரியாதா? கூண்டுல குச்சி வேற மாத்தி வச்சிருந்த. காலோட நகம் கீறின தடம் மேல இருந்துச்சு."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்னைக் காப்பாத்தறேன்னு நீ நெனச்சுக்கிட்டிருந்த. அதைக் கெடுக்க வேணாம்னு பார்த்தேன். நீயா ஒருநாள் சொல்லுவன்னு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் எங்களைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது. அவர் என் கையைப் பிடித்தார்.

"அழாத. நீ என்ன செய்வ? போன் வந்திருக்கும், உள்ள போயிருப்ப. விடு." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார், "எங்க பொதைச்ச? இந்த மரத்தடியிலதானே? நான் நடக்கும்போதெல்லாம் பார்ப்பேன், எந்த எடமா இருக்கும்னு."

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஏதாவது ஒரு வேர்ப் பக்கம் கையைக் காட்டியிருந்தால் முடிந்தது. ஆனால் பொய் சொல்லிச் சொல்லி நான் அலுத்துப்போயிருந்தேன்.

"குப்பையில போட்டுட்டேங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிடித்திருந்த கையை விட்டார். வேகமாக உதறவில்லை. அது தானாகத் தளர்ந்து நழுவியது போல இருந்தது.

வெள்ளைக்காரர் வீட்டுக்குப் போய் ஒரு துண்டும் அட்டைப்பெட்டியும் கொண்டுவந்தார். குஞ்சைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். ஆராய்ச்சிக்காக இப்படிச் செத்த பறவைகளை வாங்கி வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுத்துவிடுவேன் என்றார். என் கணவர் பெட்டியின் மூடியை அவரே மூடினார். நாங்கள் மின்தூக்கியில் ஏறினோம். நான்காம் மாடியில் கதவு திறந்ததும் அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் குப்பைக் குழாயின் முன்னால் போய் நின்றார்.

"இதுலயா?"

"ஆமாங்க."

அந்த இரும்பு மூடியைத் திறந்து பார்த்தார். கறுப்பாக இருக்கும், நாற்றமடிக்கும், வேறென்ன இருக்கும். மூடிவிட்டு வீட்டுக்குள் போனார்.

இரண்டு நாள் பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வைத்ததைச் சாப்பிட்டார், மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொண்டார். கீழே நடக்கப் போகவில்லை. மூன்றாம் நாள் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றார்.

"சும்மா அப்படியேவா போட்ட? எதுலயாவது சுத்தினியா?"

"பேப்பர்ல சுத்தினேங்க. ரெண்டு தாள் வச்சு."

"சரி" என்றார். "சரி, போதும்."

அதற்குப் பிறகு பழையபடி பேசினார். கோயிலுக்குச் சேர்ந்து போனோம். தேக்காவில் எனக்காகக் கடை வாசலில் காத்திருந்து, ஆப்பம் வாங்கிச் சாப்பிட்டு, ரயிலில் ஒன்றாக வீட்டுக்கு வந்தோம். வெளியில் பார்ப்பவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. ஆனால் அதன் பிறகு அவர் ஒருநாளும் என்னைக் கூண்டைத் தொடவிடவில்லை. நாற்காலி மேல் ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லியும், அவரே ஏறி மாட்டினார், அவரே இறக்கினார். தண்ணீர் மாற்றும்போது பாதி கீழே கொட்டும். "குடுங்க, நான் செய்யறேன்" என்பேன். "வேணாம்மா, நீ வேலையைப் பாரு" என்பார். குரலில் கோபம் துளியும் இருக்காது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மன்னித்துவிட்டார், ஆனால் நம்பவில்லை. இரண்டும் ஒரே மனிதருக்குள் ஒன்றாக இருக்க முடியும் என்று அந்த மாதங்களில்தான் தெரிந்துகொண்டேன்.

நவம்பரில், மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில், செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஆம்புலன்ஸ் சீக்கிரமாகத்தான் வந்தது. வந்தவர்கள் வெகுநேரம் முயன்றார்கள். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபம் சொன்னேன். பாதியில் சொற்கள் மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

புளோக்கின் கீழ்த்தளத்தில் அவர் உடலை வைத்து மூன்று நாள் துக்க வீடு. எங்கள் கோயில் பங்கிலிருந்து வந்து பாடினார்கள், ஜெபித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பறவை நண்பர்கள் நான்கு பேர் ஒன்றாக வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பின் வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்தவரிடம் அந்த இரண்டாவது மெர்போக்கைக் கொடுத்துவிட்டேன். அவர் எதையும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் நாள் மத்தியானம், கூட்டம் குறைந்த நேரத்தில் வெள்ளைக்காரர் வந்தார். சவப்பெட்டியின் முன்னால் நின்றுவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். துக்கத்துக்கு வருபவர்கள் குடிக்க வைத்திருந்த பச்சைத் தேநீர்ப் பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். அவருக்குச் சொல்வதற்கு ஏதோ இருந்தது.

"உங்கள் கணவர் ஒருநாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்" என்றார் ஆங்கிலத்தில், மெதுவாக, எனக்குப் புரிய வேண்டுமே என்று. "பழகின புதிதில். குஞ்சு பொரிப்பதற்கு முன்னால். வல்லூறு ஒரு கூண்டுப் பறவையைப் பிடித்தால், அந்தப் பறவை உடனே செத்துவிடுமா, அதற்கு வலிக்குமா என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு அப்போது தெரியாது. உடனே செத்துவிடும், பிடித்த அந்த நொடியிலேயே முடிந்துவிடும் என்றேன். அவர் நன்றி சொன்னார். நிம்மதியானது போலத்தான் தெரிந்தது."

பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"எனக்கு அது நிஜமாகவே தெரியாது. சில சமயம் உடனே முடிந்துவிடும். சில சமயம் நேரமாகும். சின்ன வயதில் எங்கள் தோட்டத்தில் நான் பார்த்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்லிவிட்டேன். அது உங்கள் பறவை என்று பிறகுதான் புரிந்தது, அன்றைக்கு நீங்கள் ஏன் அழுதீர்கள் என்று அவர் சொன்னபோது. அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று எனக்கு இன்னும் உறுத்துகிறது. நீங்கள் அங்கே இருந்தீர்களே. எப்படி இருந்தது?"

நான் அங்கே இருந்தேன். கூண்டு ஆடியது, இறக்கை படபடத்தது, நான் செருப்பைக் கழற்றி எறிந்தது, குடையைத் தேடி உள்ளே ஓடியது, திரும்பி வந்தது, அடித்தது. அத்தனை நேரமும் அது உயிரோடுதான் இருந்தது. உலகத்தில் அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். என் கணவர் அதைத் தெரிந்துகொள்ள விரும்பியிருக்கிறார், அதற்கு என்னிடம் வராமல் முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்க் கேட்டிருக்கிறார். கடைசி வரைக்கும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவருக்கே சந்தேகம் இருந்திருக்கும்.

"நீங்கள் சொன்னது சரிதான்" என்றேன் அவரிடம். "உடனே முடிந்துவிட்டது."

அவர் தலையை ஆட்டினார். அதற்குள் மாலை ஜெபத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நான் எழுந்து நாற்காலிகளை இழுத்துப் போட்டேன்.